கேள்வி – பதில்: ஒரே கிணற்று நீருக்கு இரண்டு நைட்ரேட் எண்கள்

நீர், மண், மீன் முதலியவற்றின் வேதிப் பகுப்பாய்வு அறிக்கைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் ஒன்றோடொன்று தொடர்புடையவை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் தோட்டக் கிணற்று நீரை இரண்டு ஆய்வுகூடங்களில் கொடுத்துச் சோதித்தோம். இரண்டு அறிக்கையிலும் நைத்திரேற்று (நைட்ரேட்), லீற்றருக்கு மில்லிகிராம் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஒன்றில் 11.8, மற்றதில் 52. வரம்பு 50 என்கிறார்கள். எந்த ஆய்வுகூடம் பிழை விட்டது? – ஒரு வாசகர், கோப்பாய்

பதில்: அளப்பதில் இரண்டுமே பிழை விடாமல் இருந்திருக்கக்கூடும். 52-ஐ 11.8-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 4.4 வருகிறது. நைட்ரேட் அயனியில் ஒரு நைட்ரஜனும் மூன்று ஆக்சிஜனும் உள்ளன. நைட்ரஜனின் எடை 14, முழு அயனியின் எடை 62. இரண்டுக்கும் உள்ள விகிதம் 4.43. ஆகவே ஓர் ஆய்வகம் நைட்ரேட்டின் முழு எடையையும், மற்றொன்று அந்த நைட்ரேட்டுக்குள் இருக்கும் நைட்ரஜனின் எடையை மட்டும் சொல்லியிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. இரண்டும் ஒரே நீரைப் பற்றிய ஒரே செய்திதான். எதை எடை போட்டோம் என்பதை எழுதாமல் விட்டதுதான் குறை.

இரண்டு வழக்கங்களும் காரணத்தோடு வந்தவை. அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் என உருமாறிக்கொண்டே போகும் நைட்ரஜனைப் பின்தொடரும் வேளாண் ஆய்வாளர்களுக்கும் சூழலியலாளர்களுக்கும் எல்லாவற்றையும் நைட்ரஜனாகவே கணக்கு வைத்துக்கொள்வது வசதி. குடிநீர்த் தரத்தை வகுத்தவர்களுள் சிலர் அயனியின் முழு எடையை எடுத்துக்கொண்டார்கள். உலகச் சுகாதார நிறுவனமும் இலங்கைத் தரநிலை எஸ்.எல்.எஸ். 614-உம் நைட்ரேட்டாக 50 மில்லிகிராம் என்கின்றன. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 நைட்ரேட்டாக 45 என்கிறது. அமெரிக்கா நைட்ரஜனாக 10 என்கிறது, அதாவது நைட்ரேட்டாகச் சொன்னால் சுமார் 44. பார்வைக்கு 50-உம் 10-உம் வெகுதூரத்தில் நின்றாலும், வரம்புகள் உண்மையில் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன.

ஆபத்து எங்கே என்றால், நைட்ரஜனாகச் சொன்ன 11.8-ஐ நைட்ரேட்டுக்கான 50-உடன் ஒப்பிட்டு, 'வரம்பில் கால்வாசிகூட இல்லை, தாராளமாகக் குடிக்கலாம்' என்று யாராவது சொல்லிவிடுவதில்தான் இருக்கிறது. உங்கள் கிணறு வரம்பைச் சற்றே தாண்டி நிற்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைட்ரேட் சேர்வது புதிய செய்தியும் அல்ல. ஆய்வுகூடத்தைக் கேட்கும்போது, 'உங்கள் நியமக் கரைசல் எது?' என்று கேளுங்கள். கருவியைச் சரிபார்க்கப் பயன்படும் அந்தக் கரைசல், லிட்டருக்கு 1000 மில்லிகிராம் நைட்ரேட் என்றும் விற்கப்படுகிறது, லிட்டருக்கு 1000 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் என்றும் விற்கப்படுகிறது. குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளது எதுவோ அதுவே அறிக்கையில் வரும் எண்ணின் பொருள். பதில் வரும்வரை கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க இந்த நீரைப் பயன்படுத்த வேண்டாம். காய்ச்சினால் நைட்ரேட் போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காக ஆற்று நீரில் ஆர்செனிக், ஈயம் அளந்து வருகிறேன். பாதிக்கு மேற்பட்ட மாதிரிகளுக்கு ஆய்வகம் 'பி.டி.எல்.' என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறது. நெறியாளர் சுழியம் போடச் சொல்கிறார். உடன் ஆய்வு செய்பவர்கள் கண்டறிதல் வரம்பில் பாதியைப் போடச் சொல்கிறார்கள். எது சரி? – ஆய்வு மாணவி ஒருவர், திருச்சிராப்பள்ளி

பதில்: இரண்டும் வேண்டாம். நெறியாளரை எதிர்த்துப் பேசும் சங்கடத்தை உங்களுக்கு உண்டாக்குவது என் நோக்கம் அன்று. ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

'பி.டி.எல்.', அதாவது கண்டறிதல் வரம்புக்குக் கீழ், என்பது தன்னளவில் முற்றுப்பெறாத ஒரு வாக்கியம்; எந்த வரம்புக்குக் கீழ் என்பது அதில் இல்லை. அந்த வரம்பு இயற்கை விதித்தது அன்று. ஆய்வகம் ஒரு குறிப்பிட்ட கருவியையும் முறையையும் வைத்துக் கணக்கிட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் முறைப்படி, மிகக் குறைந்த அளவு வேதிப்பொருளைச் சேர்த்த குறைந்தது ஏழு மாதிரிகளைத் தனித்தனியே அளந்து, கிடைத்த எண்களின் திட்ட விலக்கத்தை (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவை) 'ஸ்டூடன்ட்' டி-மதிப்பு என்ற புள்ளியியல் அட்டவணை எண்ணால் பெருக்குவார்கள்; ஏழு மாதிரிகள் என்றால் அந்தப் பெருக்கு எண் 3.14. பொருள் எதுவும் சேர்க்காத வெற்று மாதிரிகளின் அளவீட்டையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்று 2017-இல் அந்த முறை திருத்தப்பட்டது. கருவி மாறினாலும் முறை மாறினாலும் வரம்பும் மாறும். உறுதியோடு எண் சொல்லக்கூடிய அளவிடல் வரம்பு இதற்கும் மேலே இருக்கும். சில ஆய்வகங்கள் எந்த வரம்பைச் சொல்கிறோம் என்பதையே குறிப்பிடுவதில்லை.

பாதியைப் போடுவதால் என்ன கெட்டுவிடும் என்பதற்கு ஒரு கணக்கு. ஓர் ஆற்றில் ஆர்செனிக் ஆண்டாண்டாக லிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம் அளவிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தாண்டுகளில் ஆய்வகத்தின் வரம்பு 10 மைக்ரோகிராம்; பிறகு நல்ல கருவி வந்து வரம்பு 1 ஆகிறது. இரண்டு காலத்திலும் எல்லா மாதிரிகளும் 'பி.டி.எல்.'தான். பாதி போடுகிறவரின் அட்டவணையில் முதலில் 5, பின்னர் 0.5 என்று வரும். வரைபடம் போட்டால் ஆறு பத்து மடங்கு தூய்மையடைந்துவிட்டது போலத் தெரியும். அதற்குக் காரணம் தேடி ஒரு கட்டுரையும் எழுதிவிடலாம். ஆற்றில் எதுவுமே நடக்கவில்லை, ஆய்வகத்தில் ஒரு பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. சுழியம் போட்டாலோ சராசரி செயற்கையாகத் தாழ்ந்துபோகும். அளந்து கிடைக்காததும், அளக்காமலே விட்டதும், தட்டச்சாளர் நிரப்பிய வெற்றிடமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனத்தில் பணியாற்றிய புள்ளியியல் அறிஞர் டெனிஸ் ஹெல்சல் இந்தப் 'பாதி' வழக்கத்தைப் பல ஆண்டுகளாகக் கண்டித்து எழுதி வந்திருக்கிறார். அவர் காட்டும் மாற்று வழி மருத்துவத்திலிருந்து வந்தது: ஆய்வு முடியும்போது உயிரோடு இருக்கும் நோயாளி எத்தனை நாள் வாழ்வார் என்பது தெரியாது, 'இத்தனை நாளுக்கு மேல்' என்பது மட்டுமே தெரியும், அந்தத் தரவைக் கையாள உருவான கப்லான்–மையர் முறையைத் திருப்பிப் போட்டால், 'இத்தனைக்குக் கீழ்' என்ற நம் தரவுக்கும் அது பொருந்தும். இலவசப் புள்ளியியல் மென்பொருளான 'ஆர்'-இல் இதற்கான நிரல்கள் கிடைக்கின்றன. உங்கள் அட்டவணையில் 'குறைவு' என்ற குறிக்கு ஒரு பத்தி, வரம்பின் எண்ணுக்கு ஒரு பத்தி, அலகுக்கு ஒரு பத்தி என மூன்றாகப் பிரித்து வையுங்கள். ஆய்வகத்திடம் ஒவ்வொரு தொகுதி மாதிரிக்கும் உரிய வரம்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கிடைப்பது கடினம்.

கேள்வி: ஆறுகளைப் பற்றி இத்தனை துறைகளும் கல்லூரிகளும் அளந்து வைத்திருக்கும்போது, எல்லாத் தரவையும் ஒன்று சேர்த்துப் பார்த்தால் புதிதாக அளக்கவே தேவையில்லையே? – ஒரு சுற்றுச்சூழல் ஆர்வலர், சென்னை

பதில்: சேர்த்துப் பார்க்க முயன்றவர்களின் அனுபவம் கசப்பானது. அமெரிக்காவில் நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய ஊட்டச்சத்துகளைப் பற்றி 488 அமைப்புகள் சேகரித்திருந்த 2.5 கோடிக்கும் மேற்பட்ட நீர்த்தர அளவீடுகளை அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனத்தார் ஒருங்கே திரட்டினார்கள். 1899 முதலான பதிவுகளும் அதில் இருந்தன. 2017-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அவற்றுள் 58 சதவீதப் பதிவுகளில், அதாவது ஏறத்தாழ 1.45 கோடிப் பதிவுகளில், எண்ணைப் புரிந்துகொள்ளத் தேவையான ஏதோ ஒரு விவரம் விடுபட்டிருந்தது அல்லது ஐயத்துக்கு இடமாக இருந்தது. இப்படிக் குறைபட்ட பதிவுகளைச் சேகரிக்க ஆகியிருக்கக்கூடிய செலவை அவர்கள் சுமார் 1,200 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள்.

மிக அதிகமாக விடுபட்டிருந்த விவரம் எது தெரியுமா? மாதிரி வடிகட்டப்பட்டதா இல்லையா என்பதுதான். அடுத்த இடம் முதல் கேள்வியில் பார்த்த வேதி வடிவத்துக்கு. 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாளில் வடிகட்டிய நீரில் கரைந்த பாஸ்பரஸ் மட்டும் இருக்கும். வடிகட்டாத நீரில் வண்டல் துகள்களோடு ஒட்டிய பாஸ்பரஸும் சேர்ந்து வரும். வெள்ளக் காலத்தில் கலங்கி ஓடும் ஆற்றில் இந்த இரண்டும் பல மடங்கு வேறுபடலாம். ஆற்றங்கரையில் நின்று ஊசிக்குழாயால் அழுத்தி வடிகட்டியவருக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்ததை அட்டவணைத் தலைப்பில் எழுதவில்லை, அவ்வளவுதான். பாஸ்பேட்டிலும் நைட்ரேட்டில் உள்ள அதே சிக்கல் உண்டு; பாஸ்பேட்டாகச் சொன்ன எண், பாஸ்பரஸாகச் சொன்ன எண்ணைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று அதிகம்.

அமெரிக்க அரசுத் துறைகள் தரவை அனுப்புவதற்கென ஒரு பொது வடிவத்தை வகுத்து, 2012 முதல் நீர்த்தரத் தரவு வாயில் ஒன்றையும் நடத்தி வருகின்றன. அங்கே தரவைப் பதிவேற்றுகிறவர் பொருளின் பெயர், மாதிரியின் பகுதி (வடிகட்டியதா, வடிகட்டாததா), வேதி வடிவம், அலகு ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளில் தர வேண்டும். என் கருத்தில் நமக்கு இப்போது உடனடியாக வேண்டியது விலையுயர்ந்த கருவி அன்று, இந்த நான்கு பத்திகள்தான். இருக்கிற தரவை விளக்கிச் சொல்லக்கூடியவர்கள் ஓய்வுபெறுவதற்கு முன் அதைச் செய்தாக வேண்டும்.

கேள்வி: வேதிப்பொருளுக்குப் பெயர் இருக்கும்போது, ஆய்விதழ்கள் ஏன் சி.ஏ.எஸ். எண்ணையும் கேட்கின்றன? வீண் வேலையாகத் தோன்றுகிறது. – வேதியியல் விரிவுரையாளர் ஒருவர், மதுரை

பதில்: ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாக வழங்கப்படும் பதிவு எண்தான் சி.ஏ.எஸ். எண். பெயர்கள் நம்மை ஏமாற்றுவதால் அதைக் கேட்கிறார்கள். நம் வயல்களில் நெடுங்காலம் தூவப்பட்ட பி.எச்.சி. பூச்சிக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு என்ற அந்தப் பெயரைப் பார்த்துப் பலர் ஹெக்ஸாகுளோரோபென்சீன் என்ற முற்றிலும் வேறான பொருளோடு அதைக் குழப்பிக்கொள்வது உண்டு. சரியான பெயர் ஹெக்ஸாகுளோரோசைக்ளோஹெக்ஸேன். அதிலும் ஆல்பா, பீட்டா, காமா எனப் பல மாற்றியங்கள் (அதே அணுக்கள் வேறு விதமாக அமைந்த வடிவங்கள்) இருக்கின்றன, லிண்டேன் என்பது அவற்றுள் காமா மட்டுமே. ஓர் அறிக்கையில் 'பி.எச்.சி. 0.2' என்றிருந்தால், அது காமாவா, எல்லாவற்றின் கூட்டுத்தொகையா, வேறு பொருளே தானா என்று சொல்ல முடியாது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களால் எல்லோரும் அறிந்த எண்டோசல்ஃபானிலும் இதே தொல்லை: 'மொத்த எண்டோசல்ஃபான்' என்று ஒருவர் இரண்டு மாற்றியங்களைக் கூட்டியிருப்பார், இன்னொருவர் அவை சிதைந்து உண்டாகும் எண்டோசல்ஃபான் சல்ஃபேட்டையும் சேர்த்திருப்பார். மண்ணில் நெடுநாள் தங்குவது அந்தச் சல்ஃபேட்தான் என்பதால், அதை விட்டால் கதையே மாறிவிடும்.

சி.ஏ.எஸ். எண்ணின் இன்னொரு நன்மை, அதன் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம் என்பது. நீரின் எண் 7732-18-5. கடைசி 5-ஐ விட்டுவிட்டு, மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்கிக் கூட்டினால் 105 வரும். அதன் கடைசி இலக்கம் 5. தட்டச்சில் ஓர் இலக்கம் தவறினால் இந்தக் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் எக்செல் அட்டவணையில் கவனமாக இருக்க வேண்டும். வாகனப் புகையின் வினையூக்கிகளிலிருந்து சாலையோரப் புழுதிக்கு வந்து சேரும் பிளாட்டினத்தின் எண் 7440-06-4. இதைச் சாதாரணக் கட்டத்தில் தட்டினால் எக்செல் 7440-ஆம் ஆண்டு ஜூன் 4 என்று எடுத்துக்கொள்ளும். பல்லேடியம் அதே ஆண்டு மே 3 ஆகிவிடும். மரபணுப் பெயர்களிலும் இதே தொல்லை நேர்ந்து, பொறுக்க முடியாமல் 2020-இல் சில மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. பிளாட்டினத்தின் எண்ணை யாரும் மாற்றப்போவதில்லை. ஆகவே எண்ணை இடுவதற்கு முன் அந்தப் பத்தியை 'எழுத்து' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சி.ஏ.எஸ். எண்ணை வழங்குவது அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஒரு பிரிவு. அதோடு, பன்னாட்டுத் தூய, பயன்பாட்டு வேதியியல் ஒன்றியத்தின் 'இன்ச்சி' குறியீட்டையும் அதன் 27 எழுத்துச் சுருக்கத்தையும் தருவது நல்லது. அது பொருளின் அமைப்பிலிருந்தே கணக்கிடப்படுவது, யாரும் இலவசமாக உருவாக்கிக்கொள்ளலாம். அமிலமும் அதன் உப்பும் வெவ்வேறு குறியீடு பெறும் என்பதும் இங்கே உதவும். பி.எஃப்.ஓ.எஸ். என்ற 'நிலைத்த வேதிப்பொருளின்' நியமம் பெரும்பாலும் பொட்டாசியம் உப்பாக வருகிறது. உப்பின் எடையை அயனியின் எடையாக மாற்ற மறந்தால் முடிவு ஏழு சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும். லிட்டருக்கு 4 நானோகிராம் என்று 2024-இல் அமெரிக்கா விதித்த வரம்பின் அருகே நிற்கும் ஓர் ஊருக்கு அந்த ஏழு சதவீதம் சிறியது அன்று.

கேள்வி: மீனில் பாதரசம் கிலோவுக்கு 1.6 மில்லிகிராம் என்று ஒரு கட்டுரையில் படித்துப் பயந்துவிட்டேன். மீன் சாப்பிடலாமா? – வாசகி, தூத்துக்குடி

பதில்: அந்த 1.6 உலர் எடைக்கா, ஈர எடைக்கா என்று கட்டுரையின் முறையியல் பகுதியில் பாருங்கள். மீனில் முக்கால் பங்குக்கு மேல் நீர். உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்கி அளந்தால் எண் நான்கைந்து மடங்கு பெரிதாகும். உணவு வரம்புகள் நாம் வாங்கும் ஈர மீனுக்கே உரியவை. உலர் எடை என்றால் உங்கள் மீனில் சுமார் 0.3 அல்லது 0.4 தான்.

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்று அறிக்கையில் 'குரோமியம்' என்று ஓர் எண்ணும், 'ஆறு இணைதிற குரோமியம்: இல்லை' என்றும் இருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா? – ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: மாதிரி எடுத்தபோது பாட்டிலில் அமிலம் ஊற்றினார்களா என்று கேட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். மொத்தக் குரோமியத்தை அளப்பதற்கு மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்த்து, பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அப்போதுதான் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டாது. ஆனால் நச்சு மிகுந்த ஆறு இணைதிற வடிவத்துக்கு அதே அமிலம் பகை: அமிலச் சூழலில், நீரிலுள்ள கரிமப் பொருள்களோடு வினைபுரிந்து அது மூன்று இணைதிற வடிவமாக மாறிவிடும். அதற்கென்று தனிப் பாட்டில் எடுத்து, காரத் தாங்கல் கரைசல் சேர்த்துக் குளிரில் வைக்க வேண்டும், அல்லது ஒரு நாளுக்குள் அளந்துவிட வேண்டும். இரண்டு எண்களும் ஒரே பாட்டிலிலிருந்து வந்தவை என்றால், அந்த 'இல்லை' என்பது பாட்டிலைப் பற்றிய செய்தி, உங்கள் கிணற்றைப் பற்றியது அன்று. மாதிரி எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்பது அறிக்கையிலேயே அச்சாக வேண்டும் என்று தரநிர்ணயம் பேசுகிறவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தரநிலையின் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அந்த எண்ணை முதலில் பாருங்கள்.

கேள்வி: 'ஆற்றில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் கண்டுபிடிப்பு' என்று செய்திகள் வருகின்றனவே, அத்தனையும் உறுதியா? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பெரும்பாலும் இல்லை; ஆனால் பொய்யும் அல்ல. நுண்திறன் நிறைமானி, முன்கூட்டியே தேடாத பொருள்களின் எடையையும் துல்லியமாகக் காட்டும். அந்த எடைக்குப் பொருந்தும் பொருளை ஊகிப்பதில் பல படிகள் உண்டு. எம்மா ஷிமான்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 2014-இல் இதற்கு ஐந்து நிலைகளை வகுத்தார்கள்: ஐந்தாம் நிலையில் எடை மட்டும் தெரியும், நான்கில் மூலக்கூற்று வாய்பாடு, மூன்றில் சில வேட்பாளர்கள், இரண்டில் நூலகப் பதிவோடு பொருந்தும் ஓர் அமைப்பு, முதல் நிலையில்தான் உண்மையான நியமப் பொருளோடு ஒப்பிட்டு உறுதி செய்தது. செய்தித்தாளில் நிலை எண் வருவதில்லை. மூலக் கட்டுரையில் முதல் நிலைக்குத் தேறியவை எத்தனை என்று பாருங்கள். அநேகமாக மிகக் குறைவாகவே இருக்கும்.

கேள்வி: நிலத்தடி நீர் பற்றிய ஆய்வேட்டை அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும். பழைய தரவில் எந்த எண் எந்த வடிவம் என்று கேட்க ஆளில்லை. நானே சரிபார்க்க வழி உண்டா? – முதுகலை மாணவர், நாகர்கோவில்

பதில்: முழுப் பகுப்பாய்வும் இருந்தால் உண்டு. நீர் மின்சுமையற்றது என்பதால், எல்லா எண்களையும் மில்லி ஈக்விவலென்ட்டாக (எடைக்குப் பதில் மின்சுமையை எண்ணும் அலகாக) மாற்றினால், கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஆகிய நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் பைகார்பனேட், குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட் ஆகிய எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். ஐந்து சதவீதத்துக்குள் வேறுபட்டால் ஏற்றுக்கொள்வது வழக்கம். எதிர்மின் பக்கம் எல்லா மாதிரிகளிலும் ஒரே திசையில் குறைந்துகொண்டே வந்தால், காரத்தன்மைப் பத்தியை முதலில் சந்தேகியுங்கள். ஆய்வகங்கள் அதைக் கால்சியம் கார்பனேட்டாகச் சொல்வதே வழக்கம். கணினியில் ஏற்றுகிறவர் தலைப்பைப் பைகார்பனேட் என்று மாற்றிவிடுவார். லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்பது கால்சியம் கார்பனேட்டாக என்றால் 6 மில்லி ஈக்விவலென்ட். பைகார்பனேட்டாக எடுத்தால் 4.9 தான். 1.22-ஆல் பெருக்கியதும் கணக்கு சமனாகிவிட்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். ஒரு மாதிரியில் மட்டும் பொருந்துவதை நம்பாமல் எல்லா மாதிரிகளிலும் பெருக்கிப் பாருங்கள். எந்தப் பத்தியை, எந்தக் காரணத்தால், எந்த எண்ணால் மாற்றினீர்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதிவிட்டு, மூல எண்ணையும் பக்கத்திலேயே வைத்திருங்கள். மொத்தக் கரைந்த உப்புகளையும் பாருங்கள். பல பழைய அறிக்கைகளில் அது ஆவியாக்கி எடை போட்டதாக இருக்காது, மின்கடத்துதிறனை ஓர் எண்ணால் பெருக்கியதாக இருக்கும்.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் வேறுபாடு சரியாக 0.0 சதவீதம் என்று வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். சோடியத்தைக் கருவியால் அளக்க வசதியில்லாத காலத்தில், எதிர்மின் தொகையிலிருந்து மற்ற நேர்மின் அயனிகளைக் கழித்து, மிச்சத்தைச் சோடியம் என்று எழுதும் வழக்கம் இருந்தது. அப்படிப்பட்ட தரவில் சமநிலைச் சோதனைக்குப் பொருளே இல்லை. எல்லாப் பிழையும் சோடியம் பத்திக்குள் போய் அமர்ந்திருக்கும். அந்தத் தலைப்பில் 'கணக்கிட்டது' என்று இப்போதே எழுதிவிடுங்கள், வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்.